படுக்கையறைக்கு எத்தனை இன்ச் டிவி? தலையணையிலிருந்து அளந்து பாருங்கள்

கேள்வி இதுதான்: கோலாலம்பூர் செந்தூலில் ஒரு கொண்டோ (அடுக்குமாடி வீடு). மாஸ்டர் ரூமில் குவீன் கட்டில், தலைமாட்டுச் சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை 11 அடி. அப்பா அம்மா ரூமில் அதே தூரம் 9 அடி. கடையில் 55 இன்ச் டிவி இரண்டாக எடுத்தால் விலை குறைத்துத் தருவதாகச் சொல்கிறார்கள். இரண்டு ரூமுக்கும் 55 போடலாமா, இல்லை பெரியவர்கள் ரூமுக்கு 32 போதுமா?

உங்கள் ரூமுக்கு 55 பொருந்தும். பெரியவர்கள் ரூமுக்கு 43 வாங்குங்கள். அங்கே 55 மிகை, 32 குறை. எதிர்ச்சுவரில் அலமாரி இருந்தால் மட்டும் முதல் பதில் மாறிவிடும். எப்படி என்பதைக் கணக்கோடு சொல்கிறேன். கணக்கு சின்னதுதான், எந்த ரூமுக்கும் நீங்களே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

ரூம் 11 அடி என்பதால் பார்க்கும் தூரமும் 11 அடி ஆகிவிடாது. 11 அடி என்பது 335 செ.மீ. தலைமாட்டுப் பலகை, முதுகுக்கு வைக்கும் தலையணை, சாய்ந்திருக்கும் தலை எல்லாம் சேர்த்துக் கண் சுவரிலிருந்து ஏறக்குறைய 50 செ.மீ. முன்னால் வந்துவிடும். சுவரில் மாட்டிய டிவி 6 முதல் 10 செ.மீ. வெளியே தள்ளி நிற்கும். 8 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கழித்தால் 277 செ.மீ. 9 அடி ரூமில் 274இல் அதே 58ஐக் கழித்தால் 216 செ.மீ. இவைதான் உண்மையான தூரங்கள். ஊகிக்க வேண்டாம். ஒருவர் வழக்கமாக எப்படிச் சாய்ந்து பார்ப்பாரோ அப்படியே கட்டிலில் சாயட்டும், இன்னொருவர் டேப்பைக் கண் ஓரத்திலிருந்து எதிர்ச்சுவர் வரை இழுத்து அளக்கட்டும், அதில் டிவிக்கான 8 செ.மீ.ஐக் கழித்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த செ.மீ. எண்ணை 5ஆல் வகுங்கள். வருவதுதான் படுக்கையறைக்கு ஏற்ற இன்ச். 277ஐ 5ஆல் வகுத்தால் 55. 216ஐ வகுத்தால் 43. அதாவது உங்கள் ரூமில் 55ம் பெரியவர்கள் ரூமில் 43ம் பார்க்கிறவர் கண்ணுக்கு ஒரே அளவாகத்தான் தெரியும். 4ஆல் வகுத்து வருவது உச்ச வரம்பு, 6ஆல் வகுத்து வருவது அடி வரம்பு. பெரியவர்கள் ரூமுக்கு உச்சம் 54, அடி 36. நீங்கள் கேட்ட 55 உச்சத்தைத் தாண்டுகிறது, 32 அடியை எட்டவே இல்லை.

இந்த 5 எங்கிருந்து வந்தது? திரையின் இரண்டு ஓரங்களும் கண்ணில் விரிக்கும் கோணத்திலிருந்து. சினிமா, தொலைக்காட்சிப் பொறியாளர்களின் அமைப்பான எஸ்எம்பிடிஇ பெயரில் புழங்கும் அளவு 30 டிகிரி. ஹோம் தியேட்டர்காரர்கள் பிடித்துக்கொள்ளும் டிஎச்எக்ஸ் அளவு 40 டிகிரி. இரண்டும் நிமிர்ந்து உட்கார்ந்து, கவனம் முழுவதையும் திரையில் வைத்துப் பார்க்கிறவர்களுக்கானவை. கட்டிலில் நிலைமை வேறு. தலை தலையணையில் பதிந்திருக்கும், கழுத்து திரும்பாது, கண் மட்டுமே அங்குமிங்கும் போய்வரும். கண் சிரமமில்லாமல் பக்கத்துக்கு ஏறக்குறைய 15 டிகிரி போகும், அதற்கு மேல் தலையும் கூடவே திரும்பத் துடிக்கும். ஆகவே இரு பக்கமும் சேர்த்து 30 டிகிரி கட்டிலில் எல்லைக்கோடு, 25 டிகிரி நிம்மதியான இடம். 5ஆல் வகுப்பது அந்த 25 டிகிரியைத்தான் தருகிறது. 4ஆல் வகுத்தால் 30ஐக் கொஞ்சம் தாண்டும், 6ஆல் வகுத்தால் 20ஐ ஒட்டி நிற்கும்.

ஹாலுக்குச் சொல்லப்படும் அளவுகளைப் படுக்கையறைக்கு எடுத்துப்போட வேண்டாம் என்பது இதனால்தான். இருட்டு ரூமில், தூங்கப்போகும் நேரத்தில், இத்தனை அருகில் பெரிய திரை எரிந்தால் கண் கூசும். கடையில் பார்த்த கண்ணையும் நம்பாதீர்கள். அங்கே கூரை உயரம், விளக்குகள் பளீரென்று எரியும், பக்கத்தில் 75, 85 இன்ச் வரிசையாக நிற்கும். அந்த இடத்தில் 55 சின்னப் பையன் மாதிரி தெரியும். வீட்டுக்கு வந்த பிறகுதான் அதன் அகலம் 122 செ.மீ. என்பது உறைக்கும்.

இன்ச் என்பது மூலைக்கு மூலை அளவு. சுவரில் பிடிக்கும் இடத்துக்கு எளிய வழி: இன்ச்சை 2.2ஆல் பெருக்கினால் அகலம், 1.25ஆல் பெருக்கினால் உயரம், இரண்டும் செ.மீ.இல். 32க்கு 71க்கு 40. 43க்கு 95க்கு 54. 50க்கு 111க்கு 62. 55க்கு 122க்கு 69. சட்டத்துக்கு இரண்டு மூன்று செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். 32க்கும் 43க்கும் இடையே 11 இன்ச்தானே என்று நினைக்கத் தோன்றும். ஆனால் படப் பரப்பில் 43 ஏறக்குறைய 1.8 மடங்கு பெரியது. பெரியவர்களுக்கு 32 எடுத்துவிட்டு, டிவி2 தமிழ்ச் செய்தியில் கீழே ஓடும் எழுத்து தெரியவில்லை என்று ஒரு மாதத்தில் அவர்கள் சொன்னால், அதற்குக் காரணம் இந்த வித்தியாசம்தான்.

என்ன பார்ப்பார்கள் என்பதும் அளவை மாற்றும். 1950களின் கறுப்பு வெள்ளைப் படங்கள் 4க்கு 3 சட்டத்தில் (அகலம் 4 பங்கு, உயரம் 3 பங்கு) எடுக்கப்பட்டவை. 43 இன்ச் திரையில் அவை இரு ஓரமும் கறுப்பாக விட்டு, 71 செ.மீ. அகலத்தில் நடுவில் நிற்கும். அதாவது 35 இன்ச் டிவி பார்ப்பதற்குச் சமம். 32இல் அதே படம் 26 இன்ச்சாகச் சுருங்கிவிடும். பழைய படம், பழைய பாட்டு என்றே பொழுது போகிறவர்களுக்கு 32 வேண்டாம் என்று சொல்ல இது ஒன்றே போதும். இப்போதைய அகலத்திரைப் படங்களுக்கு மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும், அகலம் குறையாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. யூடியூபில் 480 வரித் தரத்தில் ஏற்றப்பட்ட பழைய பாடல்களைப் பெரிய திரையில் அருகிலிருந்து பார்த்தால் முகமெல்லாம் கரைந்து தெரியும். 43 இன்ச்சில் அந்தப் புள்ளிகள் கண்ணுக்குப் படாமல் இருக்க நாலு மீட்டர் தள்ளிப் போக வேண்டும், 55இல் ஐந்து மீட்டர். எந்தப் படுக்கையறையிலும் அது நடக்காது. ஆகவே திரையைப் பெரிதாக்கப் பெரிதாக்கப் பழைய பதிவுகள் மோசமாகத்தான் தெரியும். 4கே என்பதற்காகக் கூடுதல் காசு கொடுக்கவும் அவசியமில்லை. 43 இன்ச்சில் ஃபுல் எச்டிக்கும் 4கேக்கும் வித்தியாசம் தெரிய 1.7 மீட்டருக்கும் கிட்டே வர வேண்டும், நம் தூரம் 2.16 மீட்டர். இப்போது 43இல் பெரும்பாலும் 4கேதான் வருகிறது. வந்தால் வரட்டும், அதைத் தேடிப் போக வேண்டாம்.

அளவு முடிவானதும் உயரம். பெரும்பாலான வீடுகளில் தவறு நடப்பது இங்கேதான். ஹாலில் மாட்டியதுபோல் மாட்டினால் கால் மறைக்கும், ஏர்கோனை ஒட்டி மேலே மாட்டினால் கழுத்து வலிக்கும். மெத்தையின் மேற்பரப்பு தரையிலிருந்து 55 செ.மீ. என்று கொள்வோம். நிமிர்த்தி வைத்த பாதம் மெத்தைக்கு மேல் 22 செ.மீ. நிற்கும், ஆக 77. இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்தவரின் கண் ஏறக்குறைய 95 செ.மீ. உயரத்தில் இருக்கும். கண்ணிலிருந்து பாதத்தின் உச்சியைத் தொட்டுப் போகும் கோடு 9 அடி ரூமின் எதிர்ச்சுவரை 70 செ.மீ.க்குச் சற்றுக் கீழே முட்டும். ஆனால் தூக்கம் வர வர உடம்பு சரியும். கண் 75 செ.மீ.க்கு இறங்கிவிடும், போர்வையோடு பாதம் 80 ஆகிவிடும். அப்போது அதே கோடு மேல்நோக்கிப் போய்ச் சுவரை 83 செ.மீ. அளவில் தொடும். அதனால் டிவியின் கீழ் ஓரம் 85 முதல் 90 செ.மீ.க்குள் இருக்கட்டும். மெத்தையின் மேற்பரப்பு 55ஐவிட எத்தனை செ.மீ. உயரமோ அத்தனையும் கூட்டுங்கள்.

கீழ் ஓரம் 90 என்றால் 43 இன்ச்சின் நடு 118லும் மேல் ஓரம் 146லும் வரும். 55க்கு நடு 125, மேல் ஓரம் 161. சாய்ந்து படுத்தவரின் பார்வை இயல்பாகவே சற்று மேலே போகும், அதனால் நடுப்புள்ளி கண்ணைவிடப் பத்து டிகிரி உயரத்தில் இருப்பது சுகமாகவே இருக்கும். 277 செ.மீ. தூரத்தில் பத்து டிகிரி என்றால் 49 செ.மீ. ஏற்றம். பதினைந்து டிகிரியைத் தாண்டவிடாதீர்கள். அதற்கு மேல் போனால் தலையணையை மடித்து மடித்து வைக்க வேண்டியிருக்கும். முன்பக்கம் சாய்க்க முடிகிற பிராக்கெட்டாக வாங்கி, மாட்டிய பிறகு ஐந்து டிகிரி கீழே குனிய வையுங்கள், பிரதிபலிப்பும் குறையும்.

இனி சுவரில் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். தச்சர் செய்து வைத்த சறுக்குக் கதவு அலமாரி எதிர்ச்சுவரை அடைத்திருந்தால் அதன் ஆழம் 60 செ.மீ. டிவி அந்த அலமாரியில் வருவதானால் உங்கள் 277, 217 ஆகிவிடும். அங்கே பதில் 43. தூரத்தைச் சுவர் வரை கணக்கிட்டு 55 வாங்கிவிட்டு, கதவு திறக்க முடியாமல் டிவியைத் தரையில் சாய்த்து வைக்கும்படி ஆகக் கூடாது. இன்னொன்று: புதிதாக அலமாரி செய்பவரிடம் டிவிக்குக் குழி விடச் சொல்லும்போது இன்று வாங்கும் டிவிக்கு அச்சாக அளவு கொடுக்காதீர்கள். இரு பக்கத்திலும் மேலேயும் 10 செ.மீ. காற்றுக்கு விடச் சொல்லுங்கள். அடைசலான குழியில் டிவி சூடேறும், ஐந்தாறு வருடம் கழித்து மாற்ற நினைத்தால் அதே இன்ச்சில்கூடப் புதிய மாடல் உள்ளே போகாமல் போகலாம்.

வடக்கே தலை வைத்துப் படுக்கக் கூடாது என்று பார்க்கிற வீடாக இருந்தால் தெற்குச் சுவர் டிவிக்குக் கிடைக்காது. கட்டிலின் திசையைப் பெரியவர்களிடம் கேட்டு முடிவு செய்துவிட்டு அளவெடுங்கள், பிறகு கட்டிலைத் திருப்பினால் எல்லாக் கணக்கும் கலையும்.

ஏர்கோனுக்கு நேர் கீழே எந்த அளவு டிவியும் வேண்டாம். தண்ணீர் போகும் குழாய் தூசியால் அடைத்துக்கொண்டால் ஏர்கோன் சுவரோடு ஒழுகும், கீழே இருப்பது டிவியின் முதுகு. குளிர்காற்று திரையில் நேராக அடிக்கும்படியும் வேண்டாம். ராத்திரி முழுக்கக் குளிர்ந்த திரை, காலையில் ஜன்னலைத் திறந்ததும் நம் ஊர் ஈரக்காற்று பட்டு வியர்க்கும். ஈரம் காய்ந்த பிறகே சுவிட்சைப் போடுங்கள். தலைமாட்டில் ஜன்னல் இருந்தால் பகலில் அது திரையில் அப்படியே தெரியும், திரை பெரிதாக ஆக அந்தத் தொல்லையும் பெரிதாகும். தடித்த திரைச்சீலைக்கும் சேர்த்துக் காசு ஒதுக்குங்கள்.

மாட்டுவதா, மேசையில் வைப்பதா? குவீன் மெத்தையின் நீளம் 190 செ.மீ., தலைமாட்டுப் பலகையோடு 200. உங்கள் ரூமில் கட்டில் கால்மாட்டுக்கும் சுவருக்கும் இடையே 135 செ.மீ. மிஞ்சும். 40 செ.மீ. ஆழ டிவி மேசை வைத்தாலும் 95 செ.மீ. நடைபாதை இருக்கும். பெரியவர்கள் ரூமில் மிஞ்சுவது 74தான். அங்கே அந்த மேசை வைத்தால் 34; யாரும் நேராக நடக்க முடியாது. அங்கே சுவரில் மாட்டுவதைத் தவிர வழியில்லை, அதுவும் சுவரோடு ஒட்டி நிற்கும் பிராக்கெட்டில். இழுத்துத் திருப்பும் கை வைத்த பிராக்கெட் வேண்டாம். நள்ளிரவில் கழிவறைக்கு எழுந்து போகிறவரின் நெற்றி உயரத்தில் டிவியின் மூலை நிற்கக் கூடாது. மேசையில் வைப்பதானால் கால்களுக்கு இடையேயான தூரத்தைப் பாருங்கள். இப்போதைய டிவிகளில் இரண்டு கால்களும் இரு ஓரத்தில் வருகின்றன, மேசை டிவியைவிட அகலம் குறைவாக இருந்தால் கால் விளிம்பில் தொங்கும் மாடல்கள் உண்டு. விவரத்தாளில் அந்த அளவு தனியாக இருக்கும்.

பிராக்கெட் வாங்கும்போது இன்ச்சை மட்டும் சொல்லாதீர்கள், முதுகில் உள்ள நான்கு துளைகளின் இடைவெளியைச் சொல்லுங்கள். வெசா என்று அதைக் குறிப்பிடுவார்கள். 43இல் 200க்கு 200 மி.மீ. அதிகம் காணப்படும், 55இல் மாடலுக்கு மாடல் மாறும். அந்தத் துளைகள் பல டிவிகளில் நடுவுக்குக் கீழேதான் இருக்கும். சுவரில் துளை போடுமுன் டிவியின் கீழ் ஓரத்திலிருந்து மேல் துளை வரை அளந்து, அதோடு 90 செ.மீ.ஐக் கூட்டிக் குறியிடுங்கள். டிவியின் நடுதான் துளையின் நடு என்று எண்ணி மாட்டினால் டிவி பத்து செ.மீ. மேலே ஏறிவிடும். சுவரில் உள்ள சாக்கெட்டுக்கு நேர் மேலும் நேர் கீழும் துளையிடாதீர்கள். வயர் குழாய் அந்த வழியாகத்தான் செங்குத்தாக ஓடும். டிவியோடு வரும் வயர் பெரும்பாலும் ஒன்றரை மீட்டர்தான், சாக்கெட் தரையோரமாக இருந்தால் போதாமல் போகலாம்.

கொண்டோவின் சிமெண்ட், செங்கல் சுவரில் சாதாரண பிளாஸ்டிக் பிளக்கும் ஸ்குருவும் நன்றாகப் பிடிக்கும். இதே பதிலைப் பினாங்கில் படிக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளில் சுண்ணாம்புப் பூச்சு தடிப்பாகவும் மெத்தென்றும் இருக்கும். பிளக் அந்தப் பூச்சிலேயே நின்றுவிட்டால் சில மாதத்தில் பிராக்கெட் மெல்ல முன்னால் சாயும். துளையிடும்போது வெள்ளைத் தூள் நின்று சிவப்புத் தூள் வரும் வரை போய், அதற்கு ஏற்ற நீளமான ஸ்குருவைப் போட வேண்டும். நடுவே நிற்பது பலகைத் தடுப்பாக இருந்தால் அதில் பெரிய டிவி மாட்டவே வேண்டாம். ஜிப்சம் தடுப்பு வைத்துப் பிரித்த ரூம்களுக்கும் இதேதான், உள்ளே இருக்கும் சட்டத்தில் ஸ்குரு ஏறாவிட்டால் மேசையில் வைத்துவிடுங்கள்.

பேனல், அதாவது திரைப் பலகையின் வகையைப் பற்றி நீளமாகச் சொல்ல அவசியமில்லை. கட்டிலுக்கு நேர் எதிரே டிவி என்றால் இருவரும் நடுவிலிருந்து பத்து டிகிரிக்குள்தான் இருப்பீர்கள், அப்போது இருட்டில் கறுப்பு நன்றாக விழும் விஏ பேனல் நல்லது. மூலையிலோ பக்கச்சுவரிலோ மாட்டுவதானால் ஐபிஎஸ் எடுங்கள், விஏ பக்கவாட்டில் வெளுக்கும். கொஞ்சம் தாராளமாகச் செலவழிக்க முடிந்தால் ஓலெட் 42, 48, 55 அளவுகளில் கிடைக்கிறது, படுக்கையறை இருட்டுக்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை.

வாங்கும்போது இரண்டு விஷயம் பார்க்கவும். பெரியவர்கள் ரூமில் ஆஸ்ட்ரோ பெட்டி வைக்கப் போவதில்லை என்றால் டிவிக்குள் டிவிபி-டி2 டியூனர் (ஆண்டெனா வழி டிஜிட்டல் ஒளிபரப்பைப் பிடிக்கும் உறுப்பு) இருக்கிறதா என்று கேளுங்கள். மலேசியாவில் 2019 அக்டோபர் 31ஓடு பழைய அனலாக் ஒளிபரப்பு முடிந்துவிட்டது. மைடிவி எனும் இலவச டிஜிட்டல் ஒளிபரப்பு வழியாக அரசு நிறுவனமான ஆர்டிஎம்மின் சேனல்கள் பார்க்க இந்த டியூனர் வேண்டும். வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்த டிவியில் இது இல்லாமல் போகலாம், பிறகு தனிப் பெட்டி வாங்க வேண்டிவரும். இரண்டாவது, சுருஹான்ஜாயா தெனாகா (எரிசக்தி ஆணையம்) நட்சத்திர லேபிள்; அளவு கூடக் கூட மின்சாரமும் கூடும் என்பதால் ஒரே இன்ச்சில் இரண்டு மாடல் இருந்தால் அதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். இடிமழை வருமுன்பே மின் பிளக்கோடு ஆண்டெனா வயரையும் கழற்றுவதைப் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். பிளக்கை மட்டும் கழற்றினால் மின்னல் மற்ற வயரில் வரலாம்.

காசு கொடுக்குமுன் ஒரு வேலை. பழைய நாளிதழ்த் தாள்களை ஒட்டி 124க்கு 71 செ.மீ.இல் ஒன்றும், 97க்கு 56இல் ஒன்றும் வெட்டுங்கள். மாஸ்கிங் டேப்பால் கீழ் ஓரம் 90 செ.மீ.இல் வரும்படி அந்தந்தச் சுவரில் ஒட்டி இரண்டு ராத்திரி விட்டுவையுங்கள். கட்டிலில் சரிந்து படுத்துக் கால் மறைக்கிறதா, அலமாரிக் கதவு இடிக்கிறதா, வாசற்கதவைத் திறந்தால் தாளில் உரசுகிறதா என்று பாருங்கள். உங்கள் ரூமில் 55 தாள் சுவரை அடைத்ததுபோல் தோன்றினால் 50க்கு இறங்குங்கள், ஏறக்குறைய 23 டிகிரி கிடைக்கும், ஒன்றும் குறைந்துவிடாது. பெரியவர்கள் ரூமில் 43க்குக் கீழே இறங்காதீர்கள். கடைக்காரரிடம் இரண்டு 55க்குத் தருவதாகச் சொன்ன தள்ளுபடியை 55ம் 43ம் சேர்த்து எடுத்தால் தருவாரா என்று கேளுங்கள். டிவி வந்து இறங்கியதும் நிற்க வைத்த வாக்கிலேயே தூக்கச் சொல்லுங்கள், படுக்க வைத்துத் தூக்கினால் பேனல் வளைந்து விரிசல் விழும். ஆள் இருக்கும்போதே போட்டு, வெள்ளைத் திரையும் கறுப்புத் திரையும் வைத்துக் கோடு, புள்ளி இருக்கிறதா என்று பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். பெட்டியையும் தெர்மோகோலையும் மாற்றித் தரும் கெடு முடியும் வரை கட்டிலுக்கு அடியில் வைத்திருங்கள்.